சிவக்கொழுந்து அம்மா பார்த்த படம்

1

இந்தக் கதையில் ஒரு தொலைக்காட்சி வருகிறது. அதன் திரையை நான் பார்க்கவில்லை. பார்க்காததால்தான் எழுத உட்கார்ந்தேன். பார்த்திருந்தால் கூலியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பேன்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு, கொழும்பில் வெள்ளவத்தை. ஜாபிரும் நானும் வீடுகளுக்கு அன்ரனா பூட்டுகிறவர்கள். அன்றைக்கு அவன் கூரையில் நின்றான், நான் முற்றத்தில் நின்றேன். திரை வீட்டுக்குள் இருந்தது. இவ்வளவும் உண்மை.

(“உண்மை என்று எழுதினால்தான் வாசிக்கிறவர்களுக்குச் சந்தேகம் வரும்” என்கிறாள் றோஸி. றோஸி என் மனைவி. நாற்பது வயதில் எனக்கு எழுத்துக் கூட்டச் சொல்லித்தந்தவள். அதனால் நான் எழுதுவதை வெட்டுகிற உரிமையும் அவளுக்கு உண்டு. அவளாக எடுத்துக்கொண்ட உரிமை.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: “கடலிலிருந்து உப்புக்காற்று வீசிக்கொண்டிருந்த ஒரு”

நிறுத்திவிட்டேன். வெள்ளவத்தையில் எந்த நாளும் உப்புக்காற்றுத்தான். அது குழாயைத் துருப்பிடிக்க வைக்கும். கதைக்கு ஒன்றும் செய்யாது.

இரண்டாவது தொடக்கம்: “மகனைத் தொலைத்த தாயொருத்தி கண்ணீரும் கம்பலையுமாக”

இதை றோஸி வெட்டினாள்.

“அந்த மனுசி அழுதத நீங்க பாத்தீங்களா?”

“இல்ல.”

“பெறகு ஏன் புடிச்சு அழ வைக்கிறீங்க?”

ஆகவே நடந்ததை அப்படியே வைக்கிறேன். சிவக்கொழுந்து அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். ஹாஷிம் முதலாளியின் பின்வீட்டில், இளைய மகள் ஜெகதீஸ்வரியோடு வாடகைக்கு இருந்தார். கனடாவிலிருக்கும் மூத்த மகள் கூப்பிட்டு, இருவருக்கும் விசாவும் வந்துவிட்டது. அம்மா போக மறுத்தார். மகன் வரதராசா முந்தைய ஆண்டு ஊரே இடம்பெயர்ந்தபோது கூட்டத்தில் பிரிந்தவன். அவனைப் பற்றி ஒரு தகவல் தெரியாமல் விமானம் ஏறமாட்டேன் என்றார். விசா காலம் முடிந்துகொண்டிருந்தது. அம்மாவை விட்டுவிட்டுப் போக ஜெகதீஸ்வரிக்கும் மனமில்லை.

அப்போதுதான் புத்தளத்திலிருந்து றலியா தொலைபேசியில் பேசினாள். யாழ்ப்பாணத்தில் அவர்களுடைய பக்கத்து வீட்டுக்காரியாக இருந்தவள். இந்தியத் தொலைக்காட்சியில் மண்டபம் அகதி முகாமைக் காட்டினார்களாம். தண்ணீர் வரிசையில் வரதராசாவைப் போல ஒருவன் நின்றானாம். ஞாயிறு பின்னேரம் அதே நிகழ்ச்சி மறுபடியும் வருமாம்.*

* புத்தளத்துக்கே போய்ப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். யாழ்ப்பாண விலாசம் போட்ட அடையாள அட்டையோடு சோதனைச்சாவடிகள் நிறைந்த அந்தப் பாதையில் பஸ் ஏறியவர்கள் கேட்கமாட்டார்கள்.

3

உள்ளூர்த் தொலைக்காட்சிக்கு ஜன்னலோரம் ஒரு கம்பி நீட்டினாலே போதும். கொழும்பில் இந்தியா எடுப்பது வேறு வேலை. குழாயோடு குழாய் பொருத்தி உயர்த்தி, பூஸ்டர் மாட்டி, வடக்கே திருப்பிவிட்டு, வானத்தின் தயவுக்குக் காத்திருக்கவேண்டும். ஒருவன் கூரையில் நின்று குழாயைத் திருப்புவான். திரைக்கு முன்னால் இருப்பவர் படம் எப்படி என்று கத்துவார். நடுவில் நிற்பவர்கள் அதை வாங்கி மேலே கத்துவார்கள். நடுவில் நிற்பவன் தன் பாட்டில் எதுவும் சொல்லக்கூடாது. சத்தம் மட்டும் வந்து படம் வராமலிருக்கும், நம்ப முடியாது.

குழாயைத் தூக்கும்போதே ஹாஷிம் முதலாளி ஓடிவந்தார்.

“கூரைக்கு மேல நிண்டு தமிழ்ல கத்தப்போறீங்களா?”

“வேற எப்பிடிங்க முதலாளி?”

“சந்தியில ஆமிக்காரன் நிக்கிறான். வடக்க திருப்பு, இன்னும் வடக்க திருப்பு எண்டு கத்தினா அவன் என்ன நெனப்பான்? கத்துறதெண்டாச் சிங்களத்துல கத்துங்க. நான் ஒண்டும் சொல்றல்ல.”

“மேல நிக்கிறது உங்க முஸ்லிம் ஆள்தானே?”

“அவனும் வாயத் தொறந்தாத் தமிழ்தானே வருது!”

ஜாபிர் மாளிகாவத்தையில் பிறந்தவன், சிங்களம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எனக்குச் சந்தைச் சிங்களம். அம்மாவுக்கு ஒரு சொல்லும் தெரியாது. ஜெகதீஸ்வரி அவருக்கு இரண்டே இரண்டு சொல் பழக்கினாள்.

“ஹொந்தய் எண்டா நல்லம். மதி எண்டா காணாது, போதாது. விளங்கிச்சோ? வேற ஒண்டும் கதைக்காதேங்கோ.”

“இந்த வயசிலை சிங்களச் சோதினை எடுக்கிறன்” என்றார் அம்மா.

(இந்த இடத்தில் அம்மாவின் பாத்திரம் எனக்குப் பிடிபடவில்லை. மகனைத் தேடுகிற தாய் பகிடி விடுவாரா? முதல் எழுதியபோது அந்த வரியை எடுத்துவிட்டேன். எடுத்தபிறகு அவர் வேறு யாரோ மாதிரி ஆகிவிட்டார். திரும்பப் போட்டுவிட்டேன்.)

4

“மதி!” என்றார் அம்மா. “மதி!” என்றாள் ஜன்னலில் நின்ற ஜெகதீஸ்வரி. “மதி!” என்றேன் நான். ஜாபிர் குழாயை ஒரு விரலளவு திருப்பினான். மறுபடியும் மதி. மறுபடியும்.

அதற்குள் வாசல் படலையில் ஒரு ஆமிக்காரன் வந்து நின்றான். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டான். நாங்கள் கத்தியது தமிழாக இருந்திருந்தால் துவக்கோடு உள்ளே வந்திருப்பான். சிங்களமாக இருந்ததால் ஆசையோடு வந்திருந்தான். ஜாபிர் கூரையிலிருந்தே “மெச் பலன்ன, சேர்!” என்றான். கிரிக்கெட் பார்க்கவாம்.

ஆமிக்காரன் துவக்கைத் தோளில் மாட்டிவிட்டு, படலையில் நாடியை ஊன்றிக்கொண்டான். நாலாவது ஆளாக அவனும் “மதி!” என்று கத்தத் தொடங்கினான். எங்கள் எல்லாரையும்விட அவன் குரல் நல்ல குரல்.

அப்புறம் உள்ளே இரைச்சல் நின்றது.

எனக்குக் கேட்டது. ஒரு மனிதக் குரல், தாழ்வாக, என்ன பாஷை என்று பிடிபடாமல் வந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஜெகதீஸ்வரி உள்ளே திரும்பினாள். தொலைக்காட்சியின் முதுகுதான் ஜன்னல் பக்கம் இருந்தது. வெளிச்சம் விழுந்த அம்மாவின் முகம் மட்டும் அவளுக்குத் தெரிந்தது. என்ன அம்மா, யார் அம்மா என்று கேட்கத் தமிழ்தான் இருந்தது, ஆனால் படலையில் ஆமிக்காரன் இருந்தான்.

“ஹொந்தய்த?” என்றான் ஜாபிர் மேலேயிருந்து. நல்லமா?

ஒருவரும் பதில் சொல்லவில்லை. எங்கள் தொழிலில் பதில் வராவிட்டால் படம் வரவில்லை என்று அர்த்தம். அவன் இன்னும் ஒரு விரலளவு திருப்பினான். இரைச்சல் திரும்பி வந்தது.

அதன்பிறகு, வெறும் இரைச்சலுக்கு நடுவில், அம்மா தெளிவாகச் சொன்னார்: “ஹொந்தய்.”

ஜாபிர் உடனே ஆணியை முறுக்கினான். ஆமிக்காரன் மெச் பார்க்க உள்ளே ஓடினான். திரையில் புள்ளிகளைத் தவிர ஒன்றுமில்லையாம்.

“மேகத ஹொந்த, அம்மே?” என்றான் ஆமிக்காரன். இதுவா அம்மா நல்லது?

அம்மா தலையை ஆட்டினார். அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

5

மறுநாள் காலை அம்மா மகளிடம், “சரி, கனடாவுக்குப் போவம்” என்றாராம்.

இனி முடிவுகள்.

முடிவு அ: வரிசையில் நின்றது வரதராசாதான். உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்ததால் கிளம்பினார். (றோஸி: “கண்ட தாய் மகள்கிட்ட சொல்லாம இருப்பாளா?”)

முடிவு ஆ: நின்றது வேறு யாரோ பெற்ற பிள்ளை. இனி இங்கே காத்திருந்து பயனில்லை என்று கிளம்பினார். (றோஸி: “அதுக்கு யாராவது நல்லம்னு கத்துவாங்களா?”)

முடிவு இ: அம்மா முகாமையே பார்க்கவில்லை. ஏதோ பயிர்ச்செய்கை விளக்கம் ஓடியது. மகளின் விசா வீணாகக்கூடாது என்று, பார்த்தது போதும் என்று முடிவெடுத்துவிட்டார். இது எனக்கு மிகவும் பிடித்த முடிவு. அதனாலேயே இதில் எனக்கு நம்பிக்கையில்லை. றோஸி இதைக் கேட்டுவிட்டுச் சோறு வடிக்கப் போய்விட்டாள்.

விமானம் ஏறுவதற்கு முதல் நாள், ஜெகதீஸ்வரி என்னைத் தேடி ஜிந்துப்பிட்டிக்கு வந்தாள். கோயிலடி ஒழுங்கையில் நின்றுகொண்டே பேசினாள்.

“அண்ணை, அம்மா சொல்லுறாவில்லை. கேட்டா, படம் தெளிவில்லைப் பிள்ளை எண்டுறா. ஆனா சூட்கேஸ் அடுக்கிக்கொண்டு பாட்டை முணுமுணுக்கிறா. பிறகு பாத்தா அவன்ரை உடுப்பை ஆருக்கோ குடுக்கச் சொல்லி வெளியாலை எடுத்து வைக்கிறா. நான் என்னெண்டு நினைக்கிறது?”

“நான் முத்தத்துல நின்னவன் தங்கச்சி.”

“உங்களுக்கு உள்ளுக்கை இருந்த சத்தம் கேட்டதுதானே. அவன் இருக்கிறானோ? ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. நான் அதோடை போயிடுவன்.”

நான் சொன்னேன். என்ன சொன்னேன் என்பதை இந்த இடத்தில் எழுதினேன், வெட்டினேன், மாற்றி எழுதினேன், அதையும் வெட்டினேன். எந்தச் சொல்லை வைத்தாலும் நான் திரையைப் பார்த்தவன் மாதிரி ஆகிவிடுகிறது.

இடத்தைக் காலியாக விடுகிறேன். நீங்களும் பார்க்காதவர்கள்தான். சொல்லுங்கள். யோசித்துச் சொல்லுங்கள், அவள் நம்பிவிடுவாள்.