லெஹெலின் வலது கால்

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் புதிய இசைத்தட்டின் உள்ளட்டையில் அச்சிட ஒரு பக்கம் வேண்டியிருந்தது. "நம்ம கதைய நீயே எழுதுடா. பாதி படிச்ச எருமை இங்க நீ ஒருத்தன்தான்" என்றான் வெண்டெல்.

வெண்டெல் கிட்டார் வாசிப்பவன், பாடகன். (பாடகன் என்று எழுதக் கூசுகிறது. அடித்தொண்டையிலிருந்து உறுமுவான்.) டிரம்ஸ் லெஹெல். நான் பேஸ் கிட்டார். ஹங்கேரியின் மிஷ்கோல்ட்ஸ் நகரத்துக்குப் படிக்க வந்தவன், படிப்பைக் கைவிட்டு இவர்களோடு டெத் மெட்டல் என்னும் அசுரவேக ராக் இசை வாசித்தே நரைத்துவிட்டேன். குழுவின் பெயர் ஷலக்தொம்ப். உலைக்கசடு கொட்டிய மேடு என்று பொருள். நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். இந்த நாட்டிலேயே முக்கால்வாசிப் பேர் கேள்விப்பட்டதில்லை.

2

முதல் தொடக்கம்: "டெத் மெட்டலின் வெறியில் மெலடியையும், சவ ஊர்வலம்போல் ஊரும் டூம் இசையையும் குழைத்த அபூர்வமான —"

அடித்துவிட்டேன். இது பத்திரிகைக்காரர்களின் வாக்கியம். நாங்கள் எதையும் குழைக்கவில்லை.

இரண்டாவது தொடக்கம்: "லெஹெலின் வலது கால் சாக ஆரம்பித்தபோது —"

இது உண்மை. ஆனால் உள்ளட்டையை லெஹெல் படிப்பான். அதனால்தான் இதைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

3

லெஹெலின் மனைவி எமோகெ என்னையும் வெண்டெலையும் சமையலறைக்குக் கூப்பிட்டாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டே பேசினாள்; அழுவதற்கு அது வசதியாக இருந்தது.

"தசை கரையுதுன்னு டாக்டர் அவர் மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டாரு தம்பி. இவரு என்ன சொல்றாரு தெரியுமா? நடக்கும்போதுதான் வலிக்குதாம், டிரம்ஸ்ல உக்காந்தா சரியாயிடுதாம்."

"சரியாகல" என்றான் வெண்டெல். "கால் பிந்துது."

"வேற ஆளப் போட்டீங்கன்னா அன்னிக்கே செத்துருவாரு. மெதுவா வாசிங்களேன். அவருக்குத் தெரியாம."

டெத் மெட்டலில் டிரம்ஸ்காரனின் இரண்டு கால்களும், பெரிய டிரம்மை அடிக்கும் பெடல்கள்மேல் பேயோட்டம் ஓடவேண்டும். நாங்கள் கிட்டார் தந்திகளைத் தளர்த்தினோம். தளர்ந்த தந்தியில் வேகமாக வாசித்தால் சத்தம் சேறாகிவிடும். லெஹெலிடம் சொல்ல அது நல்ல காரணம்.

"புது சவுண்டுடா. மெதுவாத்தான் போகணும்" என்றான் வெண்டெல்.

"கெழவனாயிட்டேன்னு சொல்லேன்டா!" என்று சிரித்தான் லெஹெல்.

ஒவ்வொரு ஒத்திகையிலும் நான் ஒரு இம்மி பிந்தி வாசித்தேன். பேஸ் இழுத்தால் டிரம்ஸ் தானே பின்னால் வரும். வேகம் போன இடத்தில் ஓட்டை விழுந்தது. வெண்டெல் அதைச் சோகமான மெட்டுகளால் அடைத்தான். அவ்வளவுதான் எங்கள் புகழ்பெற்ற பாணி.

(இங்கே நான் எழுதும் லெஹெலை நானே நம்பவில்லை. ஆயுள் முழுக்கத் தாளம் போட்டவனுக்கு, தன்னைப் பின்னால் இழுக்கிறார்கள் என்று தெரியாமலா இருக்கும்?)

4

போன வாரம் தலைநகர் புதாபெஷ்டிலிருந்து ஒரு இசைவிழாக்காரர் போனில் பேசினார். எங்கள் முதல் இசைத்தட்டை மேடையில் முழுதாக வாசிக்க வேண்டுமாம். காட்டுத்தனமான வேகத்தில் போகும் தட்டு அது. போனை எடுத்தது லெஹெல். எங்களைக் கேட்காமலேயே சரி என்றுவிட்டான்.

இந்த நாட்டில் பீர்க் கோப்பைகளை யாரும் இடித்துக்கொள்வதில்லை; எப்போதோ எதிரி கொன்ற தளபதிகளுக்கான துக்கம் அது. அன்று லெஹெல் எங்கள் கோப்பைகளில் நுரை தெறிக்க இடித்தான். வெண்டெல் குடிக்காமல் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

5

முடிவு அ: வெண்டெல் தொண்டை போய்விட்டது என்று பொய் சொல்கிறான். விழா ரத்து. லெஹெல் அவனை மன்னிப்பதே இல்லை.

முடிவு ஆ: மேடை. இரண்டாவது பாட்டு. லெஹெலின் கால் பெடலிலேயே நின்றுவிடுகிறது. கூட்டம் முதலில் —

இதை என்னால் எழுத முடியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

6

இன்று ஒத்திகை, ஊர் நடுவிலுள்ள அவாஷ் குன்றின் நிலவறையில். வெண்டெல் இன்னும் வரவில்லை. லெஹெல் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றான்.

"என்னடா இது, நண்டு ஊர்ந்த மாதிரி?"

"நம்ம கதை."

"ஹங்கேரியன்ல படிச்சுச் சொல்லு. பொய் இருந்துச்சு, மண்டைய உடைச்சிருவேன்."

கைத்தடியை ஊன்றிப் போய் டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்தான். பிறகு வலது காலை இரண்டு கைகளாலும் தூக்கிப் பெடல்மேல் வைத்தான். என்னிடம் மறைக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே செய்தான்.

"ம், படி."

முதல் பகுதியைத் தைரியமாகப் படித்துவிடுவேன். இரண்டாம் பகுதியின் முதல் தொடக்கத்தையும் படித்துவிடுவேன், அவனுக்குப் பிடித்த வாக்கியம்தான் அது. அதற்கு அடுத்து வருவதை?

அவனுக்குத் தமிழ் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அவன் காத்திருக்கிறான். என்ன படிக்கட்டும், சொல்லுங்கள்.