பூட்டிய காரைத் தள்ளுகிறவர்கள்

1

இந்தக் கதை ஒரு கட்டுரையாகத்தான் பிறந்தது. உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் எண்ணெய்க் கப்பல்கள் நின்றுபோனால் நாடுகள் எப்படிச் சமாளிக்கின்றன என்று எழுதித் தரச் சொல்லி ஒரு பத்திரிகையில் கேட்டார்கள். நானும் ஆற அமர உட்கார்ந்து படித்தேன். ஒரு நாடு, ஒற்றைப்படை எண் வண்டிகளுக்கு ஒரு நாள், இரட்டைப்படைக்கு மறுநாள் என்று பிரித்துவிடுகிறது. ஒரு நாடு பள்ளிக்கூடங்களை மூடுகிறது. இன்னொன்று அலுவலகக்காரர்களை வீட்டிலேயே கிடக்கச் சொல்கிறது. பணமுள்ள நாடு சேர்த்துவைத்த பீப்பாய்களைத் திறக்கிறது. பணமில்லாத நாடு வரிசையில் நிற்கிறது. [இந்தக் கடைசி வாக்கியம் எனக்கே பிடித்துப்போனதால் கட்டுரை அதற்குமேல் நகரவில்லை.]

எழுந்து பால்கனிக்குப் போனேன். மூலையில் இருக்கும் பெட்ரோல் பங்கிலிருந்து எங்கள் தெரு முழுக்க வண்டிகள். ஒரு இன்ஜின் சத்தம்கூட இல்லை. ஒரு வண்டி நீளம் முன்னால் போவதற்காக யாரும் இன்ஜினைப் போட்டு எண்ணெயை வீணாக்குவதில்லை, இறங்கிக் கையால் தள்ளுகிறார்கள். அப்படித் தள்ளிய ஒரு காருக்குள் எனக்கு யாரும் தெரியவில்லை. வெயில் கண்ணாடியில் பட்டுக் கூசியதாக இருக்கலாம். கதை வந்தது அங்கிருந்துதான், வேறு ரகசியம் எதுவும் கிடையாது.

2

தொடக்கங்கள்:

"அந்த நகரத்தில் சத்தம் செத்துப்போய்—" [வேண்டாம். சத்தம் சாகாது. இந்த மாதிரி வாக்கியம் எழுதுகிறவனை நானே நம்பமாட்டேன்.]

"விடிந்தும் விடியாமலும் வேன்காரி—" [விடியலில் தொடங்காத ஒரு கதையாவது எழுதிவிட்டுச் சாகவேண்டும்.]

ஆகையால் நண்பகல். வெயில் மண்டையைப் பிளக்கிறது. வேன்காரி தன் வேனின் நிழலில், சக்கரத்தில் முதுகு சாய்த்து உட்கார்ந்திருக்கிறாள்.

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள். எந்தப் பிள்ளையோ மறந்துவிட்டுப்போன தண்ணீர் பாட்டில் ஒன்று இருக்கைகளுக்கு அடியில் கிடக்கிறது. வேனைத் தள்ளும்போதெல்லாம் அது உருண்டு முன்னுக்கும் பின்னுக்கும் போய்வரும். எடுத்துப்போட அவளுக்கு மனம் வரவில்லை.

வீட்டில் அவளுடைய அக்கா இருக்கிறாள். அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரம் இரண்டுமுறை டயாலிசிஸ். ஆஸ்பத்திரி ஊரின் மறுகோடியில். பஸ் கிடையாது. ஆம்புலன்சுக்குப் போன் போட்டபோது, எண்ணெய் கையிருப்பு குறைவு, ஆள் மயங்கி விழுந்தால் மட்டும் கூப்பிடுங்கள் என்றார்கள். ஏற்கெனவே இரண்டு முறை தவறிவிட்டது. அக்காவின் கால் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். இன்று மூன்றாவது முறை. மூன்றாவதும் தவறினால் என்ன ஆகும் என்று டாக்டரிடம் அவள் கேட்கவில்லை, டாக்டரும் சொல்லவில்லை. [இங்கே அவள் அழுவதாக ஒரு வரி இருந்தது. எடுத்துவிட்டேன். அவளுக்கு நேரமில்லை.]

3

அவளுக்குப் பின்னால் பேக்கரிக்காரருடைய வண்டி. காலியாக நின்றாலும் ரொட்டி வாசனை அடிக்கும். "என் வண்டி பக்கத்துல நின்னா பாதி வயிறு ரொம்பிரும், மீதிக்குத்தான் காசு" என்பார். அவளுக்கு முன்னால் ஒரு கார். பூட்டியிருந்தது. கண்ணாடியெல்லாம் தூசி. சொந்தக்காரரை யாரும் பார்த்ததில்லை.

வரிசைக்கு ஒரு சட்டம் இருந்தது. அரசாங்கம் போட்டதல்ல, நின்றவர்கள் போட்டது: வண்டி நின்றால் இடம் நின்றது. ஆள் எங்கே போனாலும் பின்னால் இருக்கிறவர்கள் அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வரவேண்டும், யாரையும் ஓரங்கட்டக் கூடாது. வேன்காரி அக்காவுக்கு மாத்திரை கொடுக்கவும் உடம்பு துடைத்துவிடவும் எத்தனையோ முறை வீட்டுக்கு ஓடியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் திரும்பி வரும்போது வேன் அவள் விட்ட இடத்தைவிட முன்னால் நிற்கும். பேக்கரிக்காரர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருப்பார். அதைப்பற்றி இருவரும் பேசிக்கொண்டதில்லை.

அதே சட்டப்படி முன்னால் நின்ற பூட்டிய காரை இவர்கள் தள்ளினார்கள். ஹேண்ட்பிரேக் போடாமல் பூட்டிவிட்டுப் போயிருந்தார் அந்தப் புண்ணியவான்.

4

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அடிக்காமல் தள்ளியே பழகியவர்களுக்கு ஒவ்வொரு வண்டியின் எடையும் உள்ளங்கையில் தெரிந்துவிடும். முதலில் பேச்செடுத்தது பேக்கரிக்காரர்தான்.

"காலி கார் ரெண்டு பேர் தள்ளுனா போயிரும், தங்கச்சி. இதுவும் முதல்ல அப்படித்தான் போச்சு. நேத்து மூணு பேர் வேண்டியிருந்துச்சு. இன்னிக்கு நாலு."

டயரில் காற்று இறங்கியிருக்கும் என்றாள் அவள். அவர் டயரை உதைத்துக் காட்டினார். கல் மாதிரி இருந்தது. ரோடு மேடாக இருக்கும் என்றாள். அவர் தன் தண்ணீர் பாட்டிலைத் தரையில் படுக்கவைத்தார். அது உருளவில்லை.

அப்புறம் அவர் இன்னொன்றும் சொன்னார். அந்தக் கார் முந்தாநாள் வெள்ளையாக இருந்ததாம்.

[இதைக் கேட்டு எனக்குத் திக்கென்றது. முதல் பிரதியில் அது வெள்ளைக் கார்தான். வெயிலில் வெள்ளை எடுபடவில்லை என்று இரண்டாவது பிரதியில் சாம்பல் நிறமாக மாற்றினேன். பழைய பிரதியைக் கிழித்தும் போட்டுவிட்டேன். பேக்கரிக்காரர் அதில் கிடையவே கிடையாது, அவரை நான் கொண்டுவந்தது மூன்றாவதில்.]

5

ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன். கார் வைத்திருக்கிற வாசகர்கள் இதற்குள் கண்டுபிடித்துச் சிரித்திருப்பார்கள்.

தெருமுனையில் வரிசை வலப்பக்கம் திரும்பினால்தான் பங்க் வரும். தள்ளுகிற வண்டி தானாகத் திரும்பாது, உள்ளே ஒருவர் ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டும். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அது தோன்றாமலே, பூட்டிய காரை மூலை திருப்பிக் கொண்டுபோய்ப் பங்குக்கு எதிரே நிறுத்திவிட்டேன். அடுத்த நாள் படித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. திருத்தலாம் என்று அந்தப் பத்திக்குத் திரும்பினேன். அங்கே நான் எழுதாத ஒன்று நடந்துகொண்டிருந்தது.

நான்கு பேர் தள்ளினார்கள். கார் மூலைக்கு வந்தது. முன்சக்கரங்கள் மெதுவாக, பழகிய ஆள் திருப்புவதுபோல வலப்பக்கம் திரும்பின. கார் வளைந்தது. சக்கரங்கள் மறுபடி நேராயின. தள்ளியவர்கள் கையை எடுத்துவிட்டு நின்றார்கள். பட்டப்பகல், தலைக்குமேல் சூரியன், சுற்றிலும் அத்தனை ஜனம். ஒருவர் தும்மினார். அந்தச் சாக்கில் எல்லோரும் கலைந்து அவரவர் வண்டிக்குப் போனார்கள்.

வேன்காரி மட்டும் போகவில்லை. தூசி படிந்த கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே ஆள் இருக்கிறது என்று அந்த நிமிடம் அவளுக்கு உறுதியாகிவிட்டது. எனக்கும்தான்.

6

பங்க் மறுபடி திறந்தது. பங்க்காரர் தொட்டிக்குள் அளவுகோலை விட்டு எடுத்து வெயிலில் தூக்கிப் பார்த்தார். வரிசையைப் பார்த்து அவர் சொன்னது காதில் விழாதவர்களுக்கும் முகத்திலிருந்து புரிந்தது. ஒரு வண்டிக்குத்தான் இருக்கிறது. அடுத்த லாரி எப்போது என்று தெரியாது. கேனில் ஊற்றக் கூடாது, பாதிப் பாதியாகப் பிரிக்கக் கூடாது, வரிசைப்படி முதல் வண்டிக்கு.

முதல் வண்டி பூட்டிய கார்.

[முடிவு, ஒன்று: சொந்தக்காரர் வியர்க்க விறுவிறுக்க ஓடிவருகிறார், விஷயத்தைக் கேட்டு மனமிரங்கி விட்டுக்கொடுக்கிறார். எழுதியும் பார்த்தேன். ஆள் வந்தார். பாக்கெட்டைத் தடவினார். காரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். "இது என் கார் இல்லீங்களே" என்று சொல்லிவிட்டு வந்த வழியே போய்விட்டார்.

முடிவு, இரண்டு: பின் இருக்கையில் ஒருவர் கிடக்கிறார். காத்திருந்தே செத்துப்போன அவரைத்தான் இத்தனை நாளும் தள்ளிக்கொண்டு— முகம் யாருடையது என்று தெரிந்துவிடும்போல் இருந்தது. பேனாவை வைத்துவிட்டேன்.]

மூன்றாவது முடிவு எல்லோருக்கும் தோன்றுவதுதான். பேக்கரிக்காரருக்கும் தோன்றியது. அவர் அவள் பக்கத்தில் வந்து, காரை ஓரமாகத் தள்ளிவிடலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், உன் அக்கா கதை இங்கே எல்லோருக்கும் தெரியும் என்றார். பின்னால் ஐந்தாறு பேர் தலையாட்டினார்கள். நல்லவர்கள்தான்.

அவள் தன் வேனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "நான் இல்லாதப்ப என் வண்டிய யாரும் ஓரங்கட்டலையே அண்ணே."

எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. அங்கே அக்கா மூச்சுக்குத் திணறுகிறாள், இங்கே இவள் நியாயம் பேசுகிறாள். அவள் பேச்சைக் கேட்காமல் நானே எழுதினேன்: தள்ளினார்கள். நான்கு பேர், ஆறு பேர், கடைசியில் வரிசையே வந்து கை வைத்தது. இத்தனை நாளும் முன்னால் போன கார் ஓரத்துக்கு ஒரு விரற்கடைகூட நகரவில்லை. அவ்வளவு கனம்.

7

இப்போது வேன்காரி கார் கதவருகே வந்துவிட்டாள். முழங்கையால் கண்ணாடித் தூசியைத் துடைக்கிறாள். குனிந்து உள்ளே பார்க்கிறாள். அவள் கண் ஒரு இடத்தில் நிற்கிறது.

"உள்ள இருக்கீங்கன்னு தெரியும்" என்கிறாள். "கோவிச்சுக்கிட்டுக் கேக்கல. எங்க அக்காவுக்கு மூச்சு வாங்குது. இன்னிக்குப் போகலைன்னா தாங்காது. உங்களுக்கும் எங்கயாச்சும் அவசரமாப் போகணும்னா சொல்லிருங்க, நான் பின்னாடியே நிக்கிறேன். இல்லைன்னா நீங்களா இறங்குங்க. நாங்களா இறக்க மாட்டோம்."

கனம் ஏன் கூடியது என்று எனக்கு இப்போது தெரிகிறது. முதலில் அந்தக் காருக்குள் நான் மட்டும் இருந்தேன். பத்திரிகை ஆசிரியர் பிரதியை வாங்கிப் படித்தார், மூன்று பேர் தள்ள வேண்டியதாயிற்று. நண்பர் ஒருவர் படித்தார், நான்கு பேர். பிறகு நீங்கள். உங்களுக்குப் பின்னால் படிக்கிறவர்கள். வெயில் படாமல், கால் வலிக்காமல், வரிசையின் முன்னால் உட்கார்ந்து இவ்வளவு தூரம் வந்துவிட்டோம். தள்ளியவர்கள் வரிசையில் நின்றவர்கள். நான் இறங்கிவிட்டேன். காரின் கனம் குறைந்ததாகத் தெரியவில்லை. மூலையில் ஸ்டியரிங்கைத் திருப்பியது யார் என்று கேட்காதீர்கள், எனக்கு ஓட்டத் தெரியாது என்று முன்பே சொல்லிவிட்டேன்.

பங்க்காரர் குழாயைக் கையில் எடுத்து நிற்கிறார். வேன்காரி கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உங்களையே பார்க்கிறாள். வெளியிலிருந்து அவளால் திறக்க முடியாது. பூட்டு உங்கள் பக்கம் இருக்கிறது.