பைத்தா என்ற சொல்லுக்குச் சாட்சி

காலையிலிருந்தே சீட்டக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்காருவாள், எழுவாள், ஜன்னல் வரைக்கும் போவாள், போன காரியம் மறந்து திரும்புவாள். மேற்காசியாவின் பழைய அரமேய மொழிகளுக்கு அகராதி தயாராகிற அறை அது. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள், அவற்றுக்குள் சொல் வாரியாகச் சீட்டுகள். இருபது வருஷமாக அவற்றை எழுதி அடுக்குகிறவள் என்பதால்தான் அலுவலகம் முழுக்க அவளுக்குச் சீட்டக்கா என்று பெயர்.

முந்தின நாள் ஒரு போன் வந்திருந்தது. இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை பார்த்த தையல்காரம்மாவின் மகள். "பதினொரு மணிக்கு வர்றேன் மேடம். உங்களுக்கு நேர்ல நன்றி சொல்லணும்."

நன்றியாம் நன்றி! அந்த வார்த்தையைக் கேட்டதிலிருந்து ஒரு சீட்டுகூட எழுதி முடியவில்லை.

விஷயம் இதுதான். பைத்தா என்றால் வீடு. பழைய அரமேயத்திலிருந்து இன்றைக்கு மிச்சமிருக்கிற பேச்சுகள் வரைக்கும் வீடுதான், குடும்பம்தான். செய்யுளில் ஒரு சரணத்துக்கும் அதே பெயர். கல்லறையைக்கூட அந்தக் காலத்தில் நித்திய வீடு என்றுதான் கல்லில் வெட்டினார்கள். இராத் தங்குவது என்கிற வினையும் அதே எழுத்துகளில்தான் இருக்கிறது. தங்கலிலிருந்து வீடு வந்ததா, வீட்டிலிருந்து தங்கல் வந்ததா என்று படித்தவர்கள் இன்னும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் சீட்டக்காவுக்கு இந்தச் சொல்மேல் பைத்தியமே பிடித்திருந்தது. வெறும் ராத்தங்கல் என்ற அர்த்தத்திலும் பைத்தா இன்றைக்கும் வழங்குகிறது என்று அடித்துச் சொன்னாள். அகராதி ஆசிரியர் மசியவில்லை.

"உயிரோட இருக்கிற வாய் ஒண்ணு சொல்லணும்மா. சொன்ன வாக்கியம், சொன்னவங்க தொழில், வயசு, எல்லாம் சீட்டுல வரணும். இல்லன்னா அந்த அர்த்தம் அச்சேறாது. சாயங்காலத்துக்குள்ள கொண்டா, பார்ப்போம்."

இந்த ஊரில் அரமேயம் பேசுகிற ஒரே ஆள் தையல்காரம்மா. சீட்டக்கா ஓடினாள். அங்கே பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், சீருடைகள் மலையாகக் குவிந்திருந்தன. அந்தம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டு மணி நேரம் காத்திருந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தவள், இந்த மேஜையிலேயே உட்கார்ந்து, அந்தப் பேச்சிலேயே பைத்தா வரும்படி தானே ஒரு வாக்கியம் கட்டினாள். 'ராத்தங்கிய இடமெல்லாம் வீடு. விடிந்தால் வழிதான் வீடு.' கீழே, 'தையல்காரர், வயது அறுபத்திரண்டு' என்று எழுதினாள். ஒரு நிமிஷம் யோசிக்கக்கூட இல்லை, அதுதான் கொடுமை. ஆசிரியர் படித்துவிட்டு, "அடடா, என்ன வாக்கு!" என்று உருகிப்போனார். போன மாதம் முதல் தொகுதி அச்சாகி வந்தபோது அந்த வாக்கியமும் அதில் இருந்தது.

பதினொன்று அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதே மகள் வந்துவிட்டாள். ஐம்பது வயதிருக்கும், கட்டு உடம்பு. உட்காரச் சொல்வதற்குள் போனை எடுத்து நீட்டினாள்.

"பாருங்க மேடம். நேத்துதான் நட்டாங்க."

படத்தில் ஒரு கல்லறைக் கல் இருந்தது. மேலே தையல்காரம்மாவின் பெயர். கீழே, அவர்களுடைய எழுத்திலேயே, அழகாக வெட்டப்பட்ட அந்த வாக்கியம்.

சீட்டக்கா எழுத்து எழுத்தாகப் படித்தாள். ஒரு பிழைகூட இல்லை.

"அம்மா போய் நாலு மாசம் ஆச்சு. அவங்க பேச்சு எனக்கு வராது மேடம். சின்ன வயசுல திட்டு வாங்கினதுதான் ஞாபகம். ஒரு கடுதாசி கிடையாது, குரல் பதிவு கிடையாது. உங்க புஸ்தகத்துல இந்த ஊரு, அறுபத்திரண்டு வயசு தையல்காரர், சேகரிச்சது நீங்கன்னு பார்த்ததும் அப்படியே அழுதுட்டேன். உலகத்துல எங்கம்மா பேசினதுன்னு மிஞ்சினது இது ஒண்ணுதான்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அன்னைக்கு அவங்க அதை எப்படிச் சொன்னாங்க? சிரிச்சுக்கிட்டா, சலிச்சுக்கிட்டா? அத மட்டும் சொல்லுங்க, போயிடறேன்."

சிரித்துக்கொண்டே சொன்னார்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மகள் நிம்மதியாகப் போய்விடுவாள், வேலையும் தப்பும், மானமும் தப்பும். சீட்டக்கா எழுந்து இழுப்பறை வரைக்கும் நடந்தாள், திரும்பினாள், மறுபடியும் நடந்தாள். இன்னொரு பொய்யா? இந்த முகத்தைப் பார்த்துக்கொண்டா? பாவி, போதாதா?

"அத உங்கம்மா சொல்லல."

"என்ன?"

"நான் எழுதினது. கடையில ரெண்டு மணி நேரம் காத்துக் கிடந்துட்டு வந்து, என் இஷ்டத்துக்கு எழுதி அவங்க வாயில வச்சேன். இருபது வருஷமா யாருக்கும் தெரியாது."

மகள் போனைத் தன் பக்கம் திருப்பினாள். போனில் இருந்த படத்தைப் பார்த்தாள், சீட்டக்காவைப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தால், குரல் கீழேதான் இறங்கியது.

"அப்போ எங்கம்மா தலைமாட்டுல நீங்க உட்கார்ந்து பேசிக்கிட்டிருக்கீங்க."

சீட்டக்கா தலையைக் குனிந்துகொண்டாள். செத்துப்போகலாம் போலிருந்தது.

"சரி. அன்னைக்கு அவங்க ஒண்ணுமே பேசலையா? ரெண்டு மணி நேரம் ஊமையாவா இருந்தாங்க?"

பழைய களக்குறிப்பு நோட்டுகள் அடி இழுப்பறையில் கிடந்தன. தேடி எடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கற்றுக்குட்டிகள் காதில் விழுந்ததையெல்லாம் எழுதிக்கொள்வார்கள். சீட்டக்காவும் எழுதியிருந்தாள், ஒரே ஒரு வரி. அத்தனையும் சாதாரணச் சொற்கள், அகராதிக்கு உதவாதவை என்று சீட்டு போடாமல் விட்டது.

தையல்காரம்மாவின் பேச்சிலேயே அதை வாசித்தாள்.

அர்த்தம் சொல்ல வாயெடுப்பதற்குள் மகள் நாற்காலிக்குக் கீழிருந்து காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். பிறகுதான் தான் செய்தது தெரிந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"நூலை மிதிக்காதே! அதானே? அதானே மேடம்? ஒரு நாளைக்குப் பத்து தடவ கத்துவாங்க. மறுபடி வாசிங்க."

சீட்டக்கா வாசித்தாள். மகள் மறுபடியும் கேட்டாள், இவள் மறுபடியும் வாசித்தாள். அதற்குள் ஆசிரியர் தம் அறையிலிருந்து வந்து வாசலில் நின்றார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"அந்தச் சீட்ட எடுத்துக்கிட்டு என் ரூமுக்கு வா" என்றார்.

"வர்றேன் சார்."

"இருங்க சார், என் வேலை முடியட்டும்." மகள் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு ஒரு வெள்ளைத் தாளை மேஜைமேல் தள்ளினாள். "கல்லுக்குப் பின்பக்கம் வெறுமையாத்தான் இருக்கு. திருப்பி நடச் சொல்றேன். கல் வெட்டறவருக்கு எழுத்து தெரியாது, பார்த்துப் பார்த்துத்தான் வெட்டுவாரு. எழுதுங்க."

சீட்டக்கா பேனாவை எடுத்தாள். நோட்டைப் பக்கத்தில் விரித்து வைத்து, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து எழுத ஆரம்பித்தாள்.

"அவங்க சொன்னது மட்டும்" என்றாள் மகள், தாளின்மேல் குனிந்துகொண்டு. "ஒரு எழுத்துகூட உங்களுது இருக்கக் கூடாது."