கப்பித்தான் வரும்வரை

டென்மார்க்கின் வைலே நகரத்து வயோதிபர் இல்லமொன்றின் தாழ்வாரத்தில் தோமஸ் பெல்லமி என்ற ஆங்கிலேய மாலுமி ஒரு கப்பல் பலகையில் நின்றுகொண்டிருந்தார்; அதில் அவர் நிற்கத் தொடங்கி முந்நூற்றைம்பது வருடங்களுக்கு மேலாகியிருந்தது. நகரசபையான கொம்யூன் மற்றவர்களைப் போல அவருக்கும் மஞ்சள் வைத்திய அட்டை கொடுத்திருந்தது. வருடாவருடம் காய்ச்சல் ஊசிக்குக் கையை நீட்டுவார். உட்காரச் சொன்னால் மட்டும் மாட்டார்.

பிறிஸ்டலில் கயிறு திரிப்பவரின் மகனாகப் பிறந்து, மீசை அரும்புமுன் கப்பலேறி, சூரத்தில் துணியும் மலையாளக் கரையில் மிளகும் ஏற்றித் திரிந்தவர். ஒரு புயலில் பாய்மரம் முறிய, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் நங்கூரம் போட்டார்கள். மரம் வெட்டக் கரைக்குப் போன கப்பித்தான், தான் வரும்வரை அந்த இடத்தைவிட்டு அசையக்கூடாது என்று தோமஸிடம் சொல்லிவிட்டுப் போனார். கண்டி அரசனின் ஆட்கள் அவரைப் பிடித்து மலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எஞ்சியவர்கள் கப்பலைத் திருப்பினார்கள். தோமஸ் நின்ற பலகையிலேயே நின்றார். கப்பல் கைமாறி, கடைசியில் டென்மார்க் கரையில் உடைந்தது. நல்ல மரத்தை எறிய மனம் வராத ஊரார் பலகைகளைக் கழற்றிக்கொண்டு போக, அவரும் கூடவே போனார். மாட்டுத் தொழுவத்தில் கொஞ்சக் காலம், தேவாலயத்தில் கொஞ்சக் காலம், பிறகு இந்தத் தாழ்வாரம். பலகையில் எந்நாளும் கடல்தண்ணீர் ஊறும். துடைத்துவிட்டுப் போவார்கள்.

அவருடைய கால்கள் பூசணிக்காயாய் வீங்கிவிட்டன. கப்பித்தான் எப்போதோ செத்துப்போனார் என்று வைத்தியர் சொல்லிப் பார்த்தார், பாதிரியாரும் சொன்னார். தோமஸோ தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நின்றார்.

இராசலட்சுமி அங்கே பராமரிப்பு வேலைக்கு வந்தது அப்போதுதான். தன் ஊர் மூதூர், கொட்டியாரக் கரை என்று அவள் சொன்னதும் கிழவரின் முகம் மாறியது. அந்தக் கரையில் மீன் விற்க வந்தவர்களிடம் பொறுக்கிய தமிழில் கேட்டார்: “கப்பித்தான் வந்தாரா?”

யுத்தகாலத்தில் பிடித்துக்கொண்டு போகப்பட்ட தன் தமையனைப் பற்றி, இனி வரமாட்டான், போய் வேலையைப் பார் என்று ஊரே சொன்னதைக் கேட்டவள் அவள். அந்தச் சொல்லை இன்னொருவருக்குச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

“இன்னும் வரேல்லை ஐயா. வந்தால் நான் பாத்துச் சொல்லுறன். நீங்கள் போய்ப் படுங்கோ, நான் நிக்கிறன்.”

வேலை முடிந்ததும் வீட்டுக்கு ஓடிப்போகிறவளிடம் காவலை விடுவாரா அவர்? இராசலட்சுமி சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பலகையில் ஏறி அவருக்குப் பக்கத்தில் நின்றாள். வேலைநேரம் முடிந்தது, அடுத்த ஆட்கள் வந்தார்கள், அவள் இறங்கவில்லை. மேலாளர் சட்டம் சொன்னார், பிறகு கெஞ்சினார். பலகையில் ஊறிய தண்ணீர் கணுக்காலுக்கு மேலே ஏறியது. மறுநாள் காலைச் சாப்பாடு பரிமாறும்போது தோமஸ் ஒரு காலைத் தூக்கித் தரையில் வைத்தார். சமையலறை அந்தோனிதாசன் தாங்கிப் பிடித்துக் கட்டிலுக்குக் கொண்டுபோனான். படுக்கவைத்துவிட்டுத் திரும்பி வந்து பலகையில் ஏறினான். அதன்பின்தான் அவள் வீட்டுக்குப் போனாள்.

அன்றிலிருந்து வேலைக்கு வருகிறவர்களில் ஒருவர் மாறி ஒருவர் நின்றார்கள். தோமஸ் இடையில் விழித்து, ஆர் நிற்கிறது என்று கேட்பார். நிற்பவர் தன் பெயரைச் சொல்வார். அவர் சுவர்ப்பக்கம் திரும்பி உறங்கிவிடுவார்.

போன வசந்தத்தில் அவர் உறக்கத்திலேயே போனார். அடக்கம் முடிந்ததும் மேலாளர், இனி அந்தப் பலகையைப் பெயர்த்துவிடலாமா என்று தயங்கிக் கேட்டார்.

“கப்பித்தான் இன்னும் வரேல்லையே,” என்றாள் இராசலட்சுமி.

அடுத்த கிழமை மேலாளர், பலகையில் நிற்பவர்களுக்கென்று முழங்கால்வரை வரும் றப்பர் சப்பாத்துகள் எல்லா அளவிலும் வாங்கி வைத்தார்.