போடி மீனும் குதிரைக்கல் கெண்டையும்

குதிரைக்கல் அணையில் தூண்டில் போடுகிறவர்களைப் பற்றி ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எல்லோரும் நல்ல மனிதர்கள். அடுத்தவன் பொருளுக்கு ஆசைப்படமாட்டார்கள், கோள் சொல்லமாட்டார்கள். மீன் விஷயத்தில் மட்டும் வாயைத் திறந்தால் பொய். பிடித்த மீன் ஒரு சாண் என்றால், எஸ்டேட் லயத்து வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அது ஒரு முழம் ஆகியிருக்கும். இதையெல்லாம் யாரும் பாவமாக நினைத்ததில்லை. கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதும் இல்லை.

இவர்களில் பெரிய ஆள் சூசையப்பன். ஆனைச்சோலை எஸ்டேட் ஃபேக்டரியில் தேயிலை ரோலர் ஓட்டுகிறவன். வாரத்தில் ஆறு நாள் ஃபேக்டரிச் சங்குக்கு எழுந்து, சங்குக்குச் சாப்பிட்டு, சங்குக்கு வீடு திரும்புவான். ஏழாவது நாள் பூசை முடிந்ததும் மூங்கில் தூண்டிலை எடுத்துக்கொண்டு அணைக்குப் போய்விடுவான். அங்கே சங்கு கிடையாது, ஏச்சுப் பேச்சு கிடையாது. அந்த மலையில் அவனுக்கென்று இருந்த இடம் அந்தத் தண்ணீரோரம் ஒன்றுதான். லயங்களில் இருந்த நாற்பது, ஐம்பது தூண்டில்காரர்களுக்கும் அப்படித்தான்.

ஜனவரியில் செபஸ்தியார் திருவிழா வரும். அதற்கு முந்தின வாரம் அணையில் எவன் பெரிய கெண்டை பிடிக்கிறானோ, அவன் அதைக் கோயில் அசன விருந்துச் சமையலுக்குக் கொடுப்பான். செபஸ்தியார் சப்பரத்தைத் தூக்கும் வலது முன்தண்டு அந்த வருடம் அவன் தோளுக்கு. மூன்று வருடமாக அந்தத் தண்டு சூசையப்பன் தோளில் இருந்தது. முதல் வருடத்து மீன் அணை மீன். அடுத்த இரண்டும் போடி மீன்.

நடந்தது இதுதான். பத்து வருடத்துக்கு முன்னால் எந்தப் புண்ணியவானோ ஒரு தகரடின் நிறையச் சிலேபி மீன் குஞ்சுகளைக் கொண்டுவந்து அணையில் கொட்டிவிட்டுப் போனான். சிலேபி தன் குஞ்சை வாயிலேயே வைத்துக் காப்பாற்றும். கெண்டை போட்ட முட்டையைத் தேடித் தின்னும். பிறகு கேட்பானேன்! தூண்டிலைப் போட்டால் சிலேபி, எடுத்தால் சிலேபி. ஆனால் சிலேபி பிடித்தேன் என்று சொல்ல எவனுக்கும் வாய் வரவில்லை. அது பொடிப்பிள்ளைகள் பிடிக்கிற மீன். கரையிலேயே தலையை அறுத்து, செதிலைச் சுரண்டி, துண்டு போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, கெண்டை என்பார்கள். பெண்டாட்டிமாருக்கு நாக்கு இல்லையா? இருந்தது. வீட்டு மானம் போகவேண்டாமென்று பேசாமல் தின்றார்கள்.

திருவிழாவுக்குத் துண்டு மீன் உதவாது. அதனால் போடிமெட்டு வழியாகக் காய்கறி ஏற்றி வரும் லாரிக்காரன் சின்னையனிடம் சொல்லி, போடிநாயக்கனூர்ப் பக்கத்துக் கண்மாய்க் கெண்டை ஒன்றை ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவரச் செய்தான் சூசையப்பன். அதன் வாயில் தூண்டில் முள்ளை மாட்டிக்கொண்டு, அணைப் பக்கமிருந்து ஜம்மென்று நடந்து வந்தான். இரண்டு வருடமும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

போடி மீன் வந்த இரண்டாவது வருடம் ஊரில் மீன் ஆராய்ச்சிக்காரர்கள் இருந்தார்கள். எழுபத்தேழு செப்டம்பரில் வந்து, சித்திரபுரத்தில் மின்சார போர்டு குவார்ட்டர்ஸில் தங்கியிருந்தார்கள். புதிதாக வந்த சிலேபியால் பழைய மீனுக்கு என்ன கெடுதல் என்று கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. அவர்களுக்குத் தலைவி ஜானகியம்மாள். கொல்லங்கோட்டுக்கு அந்தாண்டை கோவிந்தாபுரத்து விவசாயக் குடும்பத்துப் பெண், வயது முப்பது. லயத்து ஜனங்கள் அவளை மீன் டாக்டரம்மா என்றார்கள். காய்ச்சலுக்கு மாத்திரையும் கேட்டார்கள்.

வந்த முதல் வாரமே அவள் தூண்டில்காரர்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு நோட்டைக் கொடுத்தாள். "ஏனுங்க, எங்க வலையக் காட்டிலும் உங்க கண்ணுக்குத்தான் இந்தத் தண்ணி நல்லாத் தெரியும். சிலேபி வலையக் கண்டா சேத்துல பொதைஞ்சுக்கும், இல்லாட்டி மேல தாவிப் போயிரும். நீங்க புடிக்கறதையெல்லாம் இதுல எழுதிக் குடுங்க" என்றாள்.

எழுதிக் கொடுத்தார்கள். வாயால் சொன்ன பொய்யை இப்போது கையால் எழுதினார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜனவரியில் சூசையப்பனின் போடி மீனைப் பார்த்து ஜானகியம்மாள் குதிக்காத குறை. அளந்தாள், இரண்டடி ஓரங்குலம். ஒரு செதிலை எடுத்து லென்ஸில் வைத்துப் பார்த்தாள். செதிலில் வளையங்கள் உண்டு, அதில் மீனின் வளர்ச்சி தெரியும் என்றாள். "அதிசயமா இருக்குதுங்கண்ணா. இந்தக் குளுருக்கு இவ்வளவு வேகமா வளராதுங்க. எங்கியோ சூடான எடம் இருக்கோணும். எங்க புடிச்சீங்க?"

சூசையப்பன் கையைக் காட்டினான். கை போன இடம் கிழக்குப் பாறை.

பதினோரு நாள் அவள் கிழக்குப் பாறையில் வலை போட்டாள். விடிகாலைப் பனியில், முழங்கால் தண்ணீரில், உதவியாள் செங்கோட்டையனோடு நின்று வெறும் வலையை இழுத்தாள். ஃபேக்டரி மேட்டிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். சூசையப்பன் பார்த்தான். சொல்லிவிடலாமா என்று தினமும் நினைத்தான். முன்தண்டை நினைத்ததும் வாய் மூடிக்கொண்டது.

ஏப்ரலில் மீன்துறைக் கமிட்டியின் நோட்டீஸ் வந்தது. அணையில் கெண்டை இனம் அழிந்துவருவதாலும், தூண்டில்காரர்கள் அதையே மிகுதியாகப் பிடித்துவருவதாலும், மே மாதம் முதல் தேதியிலிருந்து குதிரைக்கல் அணையில் தூண்டில் போடத் தடை.

அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் முற்றம் கொதித்தது. நோட்டீஸைக் கேள்விப்பட்டு ஜானகியம்மாள் தானே வந்து நின்றாள். ஏசுதாஸ் என்பவன்தான் முதலில் பாய்ந்தான். சூசையப்பனுக்கு அடுத்தபடி தூண்டிலில் பேர் வாங்கியவன், சப்பரத்தின் பின்தண்டுக்காரன். "எங்க சோத்துல மண்ணள்ளிப் போடத்தான் நோட்டு குடுத்தீங்களாம்மா?"

"நானா எழுதலீங்க" என்றாள் ஜானகியம்மாள். "நீங்க எழுதுனதத்தான் மேல அனுப்பினேன். ஏழு மாசத்துல கெண்டை அறுநூத்தி நாப்பது. சிலேபி ஒம்பது. இத வெச்சுட்டு சிலேபியால கெடுதல்னு நான் எப்பிடிங்க சொல்றது? கெழக்குப் பாறையில பெரிய கெண்டை இருக்குது, அதையும் புடிக்கறாங்கன்னுதான் கமிட்டி பயந்துருச்சு."

தூண்டில்காரர்கள் அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். ஒவ்வொருவனுக்கும் தன் பொய் தெரியும். அடுத்தவன் பொய்யும் தெரியும். வாயைத் திறக்கத்தான் ஆளில்லை.

சூசையப்பன் மனைவி பிலோமி பெண்கள் பக்கமிருந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருடம் போடி மீனைப் பற்றித் தெரிந்தும் வாய் திறக்காதவள். இனி ஞாயிற்றுக்கிழமைகளும் சங்குக்குள் போய்விடும் என்று நினைத்தபோது, முன்தண்டு ஒரு விறகுக்கட்டையாகத்தான் தெரிந்தது.

எழுந்தான். "டாக்டரம்மா, கெழக்குப் பாறையில ஒரு மண்ணும் கெடையாது. அது போடி மீனு. ஈரச்சாக்குல லாரியில வந்துச்சி. அதுக்கு முந்துன வருசத்து மீனும் அப்படித்தான். நோட்டுல நான் எழுதுன எழுபத்தியொரு கெண்டையும் சிலேபி."

"அடப்பாவி மனுசா!" ஏசுதாஸ் குதித்தான். "என் மீனு நாலு அங்குலம் கொறஞ்சு போச்சுன்னு ரெண்டு வருசமா உம்ம முதுகப் பாத்துக்கிட்டே சப்பரம் தூக்கிட்டு வந்தேனே வே!"

"உம்ம மீனு எந்த ஊரு வே?" என்றான் சூசையப்பன்.

ஏசுதாஸ் தலையைச் சொறிந்தான். "அது... அடிமாலிச் சந்தை."

முதலில் சிரித்தது பிலோமி. பிறகு பெண்கள் பக்கம் முழுவதும் சிரித்தது. ஏழு மாதமாக, ஏன், ஏழு வருடமாக அடக்கிவைத்த சிரிப்பு. அது அடங்குவதற்குள் ஒவ்வொருவனாக எழுந்து தன் சிலேபிகளை ஒப்புக்கொண்டான். பாவசங்கீர்த்தனம் அவ்வளவு கூட்டமாக அந்தக் கோயிலில் அதற்கு முன் நடந்ததில்லை.

ஜானகியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "பதினோரு நாளு பனியில நின்னேனுங்களே அண்ணா" என்றாள்.

"என்ன வேணும்னாலும் ஏசுங்கம்மா. கேட்டுக்கிடுதேன்."

"ஏசறதுக்கு நேரமில்லீங்க. வர்ற ஞாயித்துக்கெழமை கமிட்டி நேர்ல வருது. இப்ப வாயில சொன்னதத் தண்ணியில காட்டோணும். கெண்டை கெடைச்சா மட்டும் உசுரோட அளந்து திருப்பி விட்டுரோணும்."

அந்த வாரம் முழுவதும் சூசையப்பன் வேலை முடிந்ததும் அவளோடு கரையைச் சுற்றினான். எந்த மடுவில் சிலேபி குழி பறித்து முட்டையிடும் என்று அவன் காட்டினான். ஏன் அங்கே என்று அவள் சொன்னாள். மேட்டிலிருந்து வரும் குளிர்ந்த ஓடைத் தண்ணீர் சிலேபிக்கு ஆகாது என்று அவள் ஒருநாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னது அவன் காதில் தங்கிவிட்டது.

ஞாயிறு வந்தது. கமிட்டித் தலைவர் திருவனந்தபுரத்திலிருந்து வந்த பெரிய அதிகாரி. கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நாற்பத்தாறு தூண்டில்கள் ஒரே நேரத்தில் தண்ணீரில் விழுந்தன. யாரும் எதையும் மறைக்கவில்லை. "சிலேபி!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்து குவியலில் போட்டார்கள். இவ்வளவு பெருமையாகச் சிலேபி பிடித்த நாள் கிடையாது. ஜானகியம்மாள் வயிற்றைக் கீறிக் காட்டினாள். கீறிய மீன் ஒவ்வொன்றிலும் பிற மீன் முட்டைகள் கொத்தாக இருந்தன. நடுப்பகலில் எண்ணிக்கை சொன்னார்கள். சிலேபி ஐந்நூற்று முப்பத்தெட்டு. கெளுத்தி ஆறு. கெண்டை இல்லை.

தலைவர் தலையாட்டினார். தூண்டில்காரர்கள் மேல் தப்பில்லை என்று ஒப்புக்கொண்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். கெண்டைதான் அடியோடு போய்விட்டதே, இனி இங்கே காப்பாற்ற என்ன இருக்கிறது, அணையை மொத்தமாக ஒரு கான்ட்ராக்டருக்குக் குத்தகைக்கு விட்டு வலையால் சிலேபியை வாரிவிடலாம் என்று மலையாளத்தில் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். குத்தகை வந்தால் கரையில் ஒரு தூண்டில்கூட உட்கார முடியாது. மலையாளம் எல்லோருக்கும் தெரியும். ஆரவாரம் அப்படியே நின்றுபோயிற்று.

சூசையப்பன் தூண்டிலை எடுத்துக்கொண்டு நடந்தான். வடக்கு முனையில், சோலைக்குள்ளிருந்து ஓடை விழும் இடம். காலை வைத்தால் மரத்துப்போகும் என்று யாரும் தூண்டில் போடாத இடம். கரையில் அத்திமரம் ஒன்று பழம் உதிர்த்துக்கொண்டிருந்தது. சிலேபிக்குக் குளிர் ஆகாது. கெண்டைக்கு அத்திப்பழம் என்றால் உயிர். அவள் சொன்னதையும் தான் கண்டதையும் சேர்த்துப் பார்த்தவன் ஒரு பழத்தை முள்ளில் குத்தி வீசினான்.

முதல் பழத்தை ஒன்றும் தொடவில்லை. இரண்டாவதையும் தொடவில்லை. மூன்றாவது பழம் தண்ணீரில் விழுந்த இடத்தில் ஒரு சுழிப்பு. மூங்கில் வளைந்து நுனி தண்ணீரைத் தொட்டது. மூங்கிலில் தூண்டில் நரம்பை விட்டுக் கொடுக்க ஏது வழி? மீன் போன பக்கம் இவனும் போனான். முழங்கால், இடுப்பு, மார்பு. குளிரில் பல் கிட்டியது. "விடாதேயும்வே!" என்று, எல்லோரோடும் பின்னாலேயே ஓடி வந்த ஏசுதாஸ் கரையில் தொண்டை கிழியக் கத்துவது கேட்டது. எவ்வளவு நேரம் போராடினான் என்று பின்னால் அவனுக்கே சொல்லத் தெரியவில்லை. கடைசியில் மீன் பக்கவாட்டில் சாய்ந்தது. மஞ்சள் துடுப்பு, பொன்னிறச் செதில். கெண்டை!

ஜானகியம்மாள் ஈரச்சாக்கோடு தண்ணீரில் இறங்கி ஓடி வந்தாள்.

"சாக்கப் பாத்தாலே எனக்குப் போடி ஞாபகம் வருது" என்றான் ஏசுதாஸ். ஆனால் போடி மீன் ஒருநாளும் இப்படித் துள்ளியதில்லை. அது எல்லோருக்கும் தெரிந்தது.

அளந்தாள். ஓரடி ஐந்தங்குலம்; போடி மீனுக்குப் பக்கத்தில் வைக்க முடியாது. வயிறு நிறைய முட்டை. நாற்காலியிலிருந்த தலைவர் எப்போது செருப்பைக் கழற்றினாரோ, வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு தண்ணீரில் நின்றிருந்தார்.

"எழுதிட்டேனுங்கண்ணா" என்றாள் ஜானகியம்மாள். "விடுங்க."

அந்த அணையில் கெண்டையைத் திருப்பி விட்டவன் அதுவரை ஒருவனும் கிடையாது. சூசையப்பன் இரண்டு கையாலும் அதை ஓடை முகத்தில் பிடித்துக்கொண்டான். அது செவுளை விரித்து மூச்சு வாங்கியது, வாலை ஒரு அடி அடித்துவிட்டுப் போயிற்று. அவனுக்கு அழுகை வந்துவிட்டது. முகத்தில் தெறித்த தண்ணீரைத் துடைப்பதுபோல் துடைத்துக்கொண்டான். கரையில் நாற்பத்தைந்து பேரும் துண்டை வீசிக் கத்தினார்கள்.

மே மாதம் புது உத்தரவு வந்தது. குத்தகை இல்லை. தூண்டிலுக்குத் தடை இல்லை. சிலேபியை எந்த நாளும் எவ்வளவும் பிடிக்கலாம். கெண்டையை அளந்து எழுதிவிட்டு விட்டுவிட வேண்டும். ஓடை முகத்தில் மட்டும் முட்டையிடும் மாதங்களில் யாரும் இறங்கக்கூடாது. அதற்குக் காவல் தூண்டில்காரர்களே.

அடுத்த ஜனவரியில் ஒரு சிக்கல் வந்தது. கெண்டையைக் கொல்லக்கூடாதென்றால் முன்தண்டு யாருக்கு? சூசையப்பன் தன் பேச்சே வேண்டாமென்று பின்னால் போய் நின்றுகொண்டான். ஏசுதாஸ்தான் ஜானகியம்மாளிடம் போய் அவளுடைய நோட்டைக் கேட்டு வாங்கி வந்து, முற்றத்தில் நின்று உரக்கப் படித்தான். அந்த வருடம் முழுவதிலும் பிடித்து, அளந்து, விட்ட கெண்டை நான்கு. மூன்று ஓரடிக்கும் குறைவு. நான்காவது, ஓரடி ஐந்தங்குலம்; அதற்கு எதிரே இருந்த பெயர் சூசையப்பன்.

அசனத்தில் அந்த வருடம் சிலேபிக் குழம்பு. எல்லோரும் சிலேபி என்றே சொல்லிக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

சப்பரம் எழுந்தது. வலது முன்தண்டு சூசையப்பன் தோளில் அழுத்தியது.

"என்ன வே, கனமா இருக்கா?" பின்தண்டிலிருந்து ஏசுதாஸ் கேட்டான்.

"இருக்கு வே" என்றான் சூசையப்பன். "இந்த வருசந்தான் தெரியுது."