கொடியில் காய்ந்த வெள்ளைச் சீலை

எழுபத்தேழில் எருத்தேன்பதியில் எவரும் டெலிவிஷன் பெட்டியைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அதில் போடுவதற்காக மதராஸ்காரர்கள் வந்து தன் வீட்டில் பேய்ப்படம் எடுக்கப்போகிறார்கள் என்றதும், ஆறுச்சாமிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வாரிசுரிமையாக வந்த வீட்டில் ஒரு குடும்பம் குடியேறுகிறது. அங்கே செத்துப்போன விதவையின் ஆவி அவர்களை விரட்டுகிறது. அதுதான் படத்தின் கதை.

உண்மையில் அது ஆறுச்சாமி வீடே அல்ல. சின்ன வயதில் தாலியறுத்துத் திரும்பிவந்த அக்கா சரஸ்வதியம்மாளுக்கு அப்பன் எழுதிவைத்தது. ஊர் அதை மறந்துவிட்டது. தம்பியும் சௌகரியமாக மறந்துவிட்டார்.

படப்பிடிப்பு தொடங்கும் பூஜைக்கு முதல்நாள் அக்காவிடம் சொன்னார்: "நாளைக்கு நல்ல காரியம். பூச முடியற மட்டும் முன்னால வராத அக்கா. பொறகாலயே இருந்துக்க."

சொல்லாவிட்டாலும் அவள் வந்திருக்கமாட்டாள். எந்த நல்ல காரியத்துக்கு வந்தாள்? "செரி சாமி" என்றாள்.

காலையில் ஒரு சிக்கல். பேயின் உடுப்பு இருந்த பெட்டியைக் கோயமுத்தூரிலேயே விட்டுவிட்டார்கள். டைரக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"இதுக்குப் போயி ஏனுங்க வெசனம்?" என்று ஆறுச்சாமி ஓடினார். பின்கட்டுக் கொடியில் காய்ந்த வெள்ளைச் சீலையை உருவிக்கொண்டு வந்து கொடுத்தார். பெரிய உபகாரம் செய்த நினைப்பு!

பேயாக நடிக்கும் பெண் அதைக் கட்டிக்கொண்டு, பொட்டை அழித்து, தலையை விரித்துப்போட்டு வந்தாள். கேமராவுக்கு மாலை போட்டிருந்தார்கள்.

"நீங்கதானே நம்ம கதாநாயகி, நீங்களே சூடம் காட்டுங்க" என்றார் டைரக்டர். பூசாரி தட்டை அவள் கையில் கொடுத்தார். ஊரே நின்றது, ஆகாது என்று ஒரு வாய் திறக்கவில்லை. ஆறுச்சாமி முண்டியடித்துப் போய்ச் சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்போதுதான் முந்தானையில் அக்கா நீல நூலில் போட்டிருந்த ஒட்டுத்தையல் கண்ணில் பட்டது.

இவள் வேஷத்துக்குக் கட்டினால் கும்பிடலாம், அக்கா கட்டினால் ஆகாதா? சீ, நான் என்ன மனுஷன் என்று தன்மேலேயே அருவருப்பு வந்தது.

"வீட்டுக்காரர் வந்து தேங்காய் உடைக்கணும்!" என்றார் டைரக்டர். இதற்காகத்தான் ஆறுச்சாமி புதுவேட்டியே எடுத்திருந்தார்.

"இது எங்கக்கா ஊடுங்க. கூட்டியாறேன்" என்று பின்கட்டுக்குப் போனார்.

குளிக்கிற அறையின் கதவு சாத்தியிருந்தது. "அக்கா, வா. நீதான் தேங்கா ஒடைக்கோணும்."

"எப்பிடி வாறது சாமி?" உள்ளிருந்து குரல் நடுங்கி வந்தது. "தலைக்கு வாத்துட்டுப் பாத்தா, கொடியில மாத்துச் சீலையக் காணம். எந் துணிப் பொட்டி முன்னூட்டுல கெடக்குது. நீ அங்க வரப்படாதுன்ட்ட. அப்பப் புடிச்சு ஈரத்தோடயே நிக்கறன். பூச முடிஞ்சா சொல்லு, போயி எடுத்துக்கறன்."

முன்னால் "வீட்டுக்காரரே!" என்று மறுபடி கூப்பிட்டார்கள். ஆறுச்சாமி போனார். தேங்காயைத் தொடவில்லை. அக்காவின் தகரப்பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு, மாலை போட்ட கேமராவுக்கு முன்னாலேயே, ஊரே பார்க்கப் பின்கட்டுக்கு நடந்தார். யாரையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

கதவோரம் இறக்கிவைத்து, "அக்கா, பொட்டி" என்றார்.