வேலிக்குள் நாலு மூலை

எனக்குக் கோபம் பொசுக்குன்னு வரும். அன்னிக்கும் வந்துச்சு.

மலாயாவுல, கெர்லிங்ல இருக்கிற என் கடையிலேர்ந்து புகையிலை, துணி எல்லாம் சுமந்துக்கிட்டு, அட்டைக் கடி பட்டு மலையேறிப் போனா, மலை ஆளுங்க குடியிருந்த கம்போங், அந்தக் கிராமமே காலி! குடிசைங்க நிக்குது, ஆளைக் காணோம். வாய்க்கு வந்தபடி திட்டித் தீத்தேன். அப்புறம் பாத்தா, ஓடைக்கு அந்தப் பக்கம் புதுசா குடிசை போட்டுக்கிட்டிருக்காங்க.

"ஒரு பெரியவர் இறந்துட்டாரு தவுக்கே. செத்த எடத்துல இருக்கக் கூடாது. இருந்தா அடுத்த ஆளையும் கூட்டிக்கிட்டுப் போயிடும்"னா அந்தக் கம்போங் பொண்ணு திஜா. மலாய்லதான் பேசிக்குவோம்; கடை முதலாளியை தவுக்கேன்னுதான் கூப்புடுவாங்க. அப்ப அவ வயித்துல புள்ள.

"நீங்க இப்படி ஓடிக்கிட்டே இருந்தா இந்த மீரா முகைதீன் எந்த மலையில தேடுவான் லா?"ன்னேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அதுலேர்ந்து எடம் மாறினா எனக்காக ஒரு மூங்கில் குச்சியை, போற திசை பாத்து சாய்ச்சு நட்டு வச்சிட்டுப் போவாங்க.

அப்புறம் கம்யூனிஸ்டுகாரங்களை ஒடுக்க வெள்ளைக்காரன் அவசரகாலம்னு அறிவிச்சான். காட்டுல ஒளிஞ்சிருக்கிற கம்யூனிஸ்டுகாரனுக்கு மலை ஆளுங்க சோறு போடுறாங்கன்னு, ஒரே நாள்ல அத்தனை பேரையும் லோரியில ஏத்திக் கீழே கொண்டாந்துட்டாங்க. ரப்பர் தோட்டத்துக்குப் பக்கத்துல மொட்ட வெயில்ல முகாம். சுத்தி முள்ளுக்கம்பி. மலைக் காத்துல வளர்ந்த உடம்பு, எப்படித் தாங்கும்? காய்ச்சல் வந்துச்சு. மொதல்ல போனது திஜா புருஷன்.

அவ கைக்குழந்தையோட கம்பிக்கிட்ட ஓடியாந்தா. "வெளிய போகணும் தவுக்கே. ரொம்ப தூரம் வேணாம். இல்லன்னா இவளும் போயிடுவா."

முகாம் துரைகிட்டப் போனேன். தோட்டத்துக் குமாஸ்தா, கிராணி வைரவநாதன் எனக்காக இங்கிலீஷ்ல எடுத்துச் சொன்னாரு. "வேலிக்குள்ள எங்க வேணாலும் மாறிக்கட்டும்"னுட்டான் அந்த மனுஷன். பெரிய தர்மம் பண்ணிட்ட மாதிரி ஒரு சிரிப்பு வேற. அடச்சீ!

அவங்களும் மாறினாங்க. ஒரு சாவு, ஒரு மூலை. குடிசையைப் பிரிச்சு அடுத்த மூலையில கட்டுவாங்க. நான் போறப்பெல்லாம் குச்சி இன்னொரு பக்கம் சாஞ்சிருக்கும். கடைசி மூலையிலயும் ஒரு கெழவி கண்ணை மூடிட்டா.

அன்னிக்கு திஜா என்னைப் பாத்ததும் கம்பிக்கிட்ட வந்தா. கம்பிக்கு மேல புள்ளையைத் தூக்கி என் கையில குடுத்துட்டா. நெருப்பாக் கொதிக்குது உடம்பு. என் சட்டையை இறுக்கிப் புடிச்சுக்கிச்சு.

காவல்ல இருந்தவன் காளியண்ணன். தோட்டத்து ஆளு, என் கடையில தெனம் தேத்தண்ணி குடிக்கிறவன். "பாய், திருப்பிக் குடுத்துடுங்க"ன்னான். "துரை பாக்குறாரு பாய். சுடச் சொன்னா நான் என்ன பண்ணுவேன்?" அவனையும் திட்டினேன், அவன் துரையையும் திட்டினேன். திட்டி என்ன ஆவப்போவுது? யா ரப்பே, புள்ளையோட விரலை ஒவ்வொன்னா என் சட்டையிலேர்ந்து பிரிச்சுத் திருப்பிக் குடுத்தேன்.

அடுத்த வாரம் போனேன். குடிசைக்குள்ள ஒருத்தரும் இல்ல. எல்லாரும் நடு முகாம்ல, மழையில நனைஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. திஜா மடியில புள்ள இல்ல. அவ முன்னால ஒரு மூங்கில் குச்சி நேரா நட்டிருந்துச்சு.

"எந்தப் பக்கம் சாய்க்கட்டும் தவுக்கே?"ன்னு கேட்டா. "நீங்களே சொல்லுங்க."

நான் சுத்திமுத்தியும் பாத்தேன். நாலு மூலையும் சாவு நடந்த எடம், அதுக்கு அந்தாண்ட முள்ளுக்கம்பி.